ஊறப்போட்ட இரண்டு மூட்டை

ராயப்பேட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்புறச் சந்தில், போன ஏப்ரலில், ஒரு பெண்மணி என்னை வழிமறித்து, "நீங்க தோசைக்கல்லு டீச்சர்தானே?" என்று கேட்டார்.

முப்பது வருஷமாகக் கணக்கு டீச்சர் நான். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர்கள் அத்தனையும் தெரியும். அதில் தோசைக்கல் கிடையாது. எரிந்து விழ வாயைத் திறந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கோ போய்விட்டது. பாதித் தூக்கத்தில் யாரோ நல்ல சேதி சொல்லிவிட்டுப் போன மாதிரி ஒரு முகம்.

"பிப்ரவரி மாசம், மந்தைவெளி, பவுல்சாமி வீட்டுக் கல்யாணம். கோயில் கேட்டாண்ட நின்னுக்கினு போன்ல பேசினீங்களே" என்றார்.

எனக்குக் காது வரை சுட்டது. அந்தக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. குடும்பத்தோடு போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவர் பெயர் ஜைதூன் பீ. வயது ஐம்பத்திரண்டு. ஹபீபுர் ரஹ்மான் பாயின் பிரியாணி கேட்டரிங்கில் பத்தொன்பது வருஷமாக அரிசி கழுவுகிறவர். அன்றைக்கு வீட்டுக்குள் கூட்டிப்போய் டீ கொடுத்தார். அதற்கப்புறம் நான்கு தடவை போயிருக்கிறேன். ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பிப்பார், எதிர்வீட்டுத் தகர ஓட்டில் புறா வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். புறா பறந்து போன பிறகுதான் மிச்சம். ஐந்து விநாடியில் விடை சொல்லாத பிள்ளையை நான் நிற்க வைப்பேன். இந்த மனுஷியிடம் மட்டும் எனக்கு அந்த அவசரம் வரவில்லை. டீ ஆறிப்போகும், ஏடு படியும், நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன்.

வேலையிடத்திலும் அவருக்கு அதுதான் பெயர். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அரிசி மேல் தண்ணீரை விட்டு, கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டே இருப்பார். கண் வேறெங்கோ இருக்கும். "ஆபா படம் பார்த்துக்கினு கீறாங்க, இடைவேளை வந்தா சொல்லுங்க" என்று கிண்டல் செய்வார்கள். அவர்களுக்குள் பேசுவது உருது, அக்காவுக்கு ஆபா என்று சொல்வார்கள். ஜைதூனும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடி படம் பார்க்கப் போய்விடுவார்.

அரிசி கழுவி முடித்தால் அவருக்கு இரண்டு மணி நேரம் வேலை இருக்காது. மண்டப வாசலில் போய் நின்றுகொள்வார். முஸ்லிம் வீட்டு நிக்காஹ் என்றால் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். அதைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். இது யாருடையது, எந்த ஊரிலிருந்து நடந்து வந்தது, வீட்டில் யாரை விட்டுவிட்டு வந்தது என்று ஒவ்வொரு ஜோடிக்கும் மனசுக்குள் ஒரு ஆளை உண்டாக்குவார். பொழுது போவதற்காக ஆரம்பித்தது அது. வருஷங்கள் போகப் போக அந்தக் குவியல் அவருக்குக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தது. புதுச் செருப்பு என்றால் நெருங்கிய சொந்தம், கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். தேய்ந்த செருப்பு வேலையிலிருந்து நேராக வந்தவர்களுடையது, முதல் பந்தியிலேயே இடம் பிடிப்பார்கள். குழந்தைச் செருப்பு நான்கு இருந்தால் ஒரு தட்டு. உள்ளே போய், "இன்னிக்கு ஐந்நூத்திப் பத்து" என்று கலீமுல்லா மாஸ்டரிடம் சும்மா சொல்லுவார். ஐந்நூற்று எட்டு வரும், ஐந்நூற்றுப் பன்னிரண்டு வரும். மாஸ்டருக்கு ஆச்சரியம். பாய்க்கு அது குருட்டு அதிர்ஷ்டம்.

சொல்வது வேறு, முடிவெடுப்பது வேறு. எங்கள் ஸ்டாஃப் ரூமை வைத்துச் சொல்கிறேன். ஆண்டு விழா மேடைக்கு நீலத் துணியா மஞ்சள் துணியா என்று மூன்று கூட்டம் போட்டோம். விழா முடிந்து ஒரு வாரம் கழித்து நீலம் என்று முடிவானது. யாருக்கும் வெட்கமில்லை. ஆனால் அடுப்படியில் அப்படி இருக்க முடியாது. பிரியாணி அரிசி அரை மணி நேரம் ஊற வேண்டும். ஊறினால் வேக வைத்தாக வேண்டும், மூட்டைக்குத் திரும்ப முடியாது. ஆள் வந்து உட்கார்ந்த பிறகு ஊறப்போட்டால் பசியோடு எழுந்து போவார்கள். ஆகவே ஆள் வருவதற்கு முன்னால், வருவார்களா என்று தெரியாதபோதே, யாராவது ஒருத்தர் 'போடு' என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை பாயுடையது. மாஸ்டர்கூடப் பாயைக் கேட்டுத்தான் சொல்லுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அடையாறில் ஒரு கல்யாணம். இரண்டு வேன் நிறைய ஆள் வந்து இறங்கியதைச் செருப்பில் பார்த்துவிட்டார் ஜைதூன். சோறு பற்றாது என்று தெரிந்துவிட்டது. பாய் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான்கு எட்டு வைத்தால் சொல்லிவிடலாம்.

"வாய் வரல டீச்சர். அரிசி கழுவுறவ இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்னு நின்னுக்கினேன்" என்றார்.

கடைசிப் பந்தியில் பெண்ணின் அம்மா உட்கார்ந்தபோது, பிரியாணி வேகிற பெரிய தேக்சாவில் ஒன்றுமில்லை. அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் சாப்பிட்டு எழுந்தவர்களின் தட்டிலிருந்து இரண்டு எலும்பை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் சாப்பிட்டு முடித்த மாதிரி தெரியட்டும் என்று. அப்புறம் ஒரு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தபடி எழுந்தார். தூணுக்குப் பின்னாலிருந்து ஜைதூன் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்ன அன்றைக்குப் புறா எதுவும் வரவில்லை. ஆனாலும் அந்தத் தகர ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி பவுல்சாமி வீட்டுக் கல்யாணம். பவுல்சாமி எங்கள் பங்குக் கோயிலில் முப்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர். ஞானஸ்நானத்திலிருந்து அடக்கம் வரை எங்கள் எல்லார் வீட்டுக் காரியத்துக்கும் முன்னால் வந்து நிற்பார். ஒரே மகள் ஜெசிகா. தவக்காலம் வந்துவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது, அதற்குள் முடிக்க வேண்டும் என்று பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமையைப் பிடித்தார். அங்கேதான் ஒரு தப்பு செய்தார். மகளுக்கென்று தனிப் பூசை வைக்காமல், வழக்கமான சனிக்கிழமை மாலைப் பூசையிலேயே கல்யாணத்தை வைத்துக்கொண்டார். மொத்தப் பங்கும் சேர்ந்து ஆசீர்வதிக்கட்டும் என்று ஆசை. சனிக்கிழமை மாலைப் பூசை பார்த்தால் ஞாயிறு கடன் தீர்ந்துவிடும், மறுநாள் காலை தூங்கலாம். அதனால் அந்தப் பூசைக்குக் கூட்டம் எப்போதும் நெரியும். சாப்பாட்டுக்கு அவர் சொல்லியிருந்தது நானூறு பேருக்கு.

ஹாலுக்குப் பின்னால் கட்டை அடுப்பு மூட்டியிருந்தார்கள். அன்றைய பிரியாணிக்கான அரிசி போக, தார்ப்பாயின் கீழ் இரண்டு மூட்டை இருந்தது. மறுநாள் மதியம் தி.நகர் ஆர்டருக்கானது. ஒரு மாதம் முன்பு எங்கோ மாஸ்டர் தன் இஷ்டத்துக்குக் கூடுதலாகப் போட்டு ஒரு தேக்சா பிரியாணி வீணாகியிருந்தது. "இனிமே என்னைக் கேக்காம ஒரு பிடி அரிசி ஊறினாலும், ஊற வெச்சவங்க வீட்டுக்குப் போயிடலாம்" என்று பாய் சொல்லியிருந்தார். பாய் சொன்னால் செய்கிறவர். ஜைதூனின் கணவர் இறந்து எட்டு வருஷமாகிறது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்.

அரிசி கழுவி முடித்துவிட்டு வழக்கம்போல ஹால் வாசலுக்கு வந்தார். தரை துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது. எங்கள் ஆட்கள் செருப்போடு உள்ளே போகிறவர்கள். படிக்கப் பழகிய எழுத்தை யாரோ அழித்துவிட்ட மாதிரி அவருக்குக் கை ஒடிந்துவிட்டது. "கோயிலாண்ட போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு இரண்டு தெரு நடந்தார்.

கோயில் கேட்டுக்கு வெளியே, மூடியிருந்த பூக்கடையின் பலகையில் உட்கார்ந்தார். கடல் காற்று வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போகவா வேண்டாமா என்று கோபுரத்தின் மேல் தங்கியிருந்தது. உள்ளே நாங்கள் பாடினோம். பாடகர் குழுவில் நான் இரண்டாம் குரல். அவருக்கு வார்த்தை புரியவில்லையாம், ஆனால் பாட்டு காற்றோடு வந்து முகத்தில் பட்டது என்றார். கண்ணை மூடிக்கொண்டார். படம் ஓட ஆரம்பித்தது.

அவருடைய நிக்காஹ். பத்தொன்பது வயது. ஒரு திரைக்குப் பின்னால் சிவப்பு முக்காட்டில் உட்கார்ந்திருக்கிறார். பெரியவர்கள் வந்து சம்மதமா என்று கேட்கிறார்கள். அவருக்கு யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லும் எண்ணமில்லை. ஒரு நிமிஷம் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துப் பார்க்க ஆசை. அதற்குள் அம்மாவின் தங்கை பின்னாலிருந்து கழுத்தில் கைவைத்துத் தலையை முன்னால் சாய்த்துவிட்டாள். சம்மதம் என்று எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். நல்ல புருஷன்தான், குறையில்லை. இருந்தாலும் அந்தத் தலையசைப்பு தன்னுடையது இல்லை என்பது முப்பத்து மூன்று வருஷமாக மனசில் நிற்கிறது.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் ஃபாதர் ஜெசிகாவிடம் கேட்டார். யாரும் அவள் கழுத்தில் கைவைக்கவில்லை. "சம்மதம்" என்று ஜெசிகாவின் சொந்தக் குரல் தெருமுனை வரை கேட்டது. கொஞ்சம் நடுங்கிய குரல். ஜைதூன் கண்ணைத் திறக்கவில்லை. அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார்.

பூசை முடியும் நேரம். எங்கள் ஃபாதர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, வெள்ளை மனசு. அறிவிப்புகளை வாசித்துவிட்டு, "நம் உபதேசியார் மகள் நம் எல்லாருக்கும் மகள். யாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. எல்லாரும் ஹாலுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்" என்றார். ஜனம் கைதட்டியது. முதல் பெஞ்சில் பவுல்சாமி திரும்பிப் பார்த்து, எல்லாரையும் கும்பிட்டார். வேறு என்ன செய்வார், பாவம். அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் கையிலிருந்த கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தது எனக்கு மேலே பாடகர் மாடத்திலிருந்து தெரிந்தது. தெரிந்தும் நான் செய்ததைச் சொல்லத்தான் போகிறேன்.

ஜைதூனுக்கு முழிப்பு வந்துவிட்டது. ஆனால் மேடையில் கூப்பிடுவது உபசாரம், மரியாதை தெரிந்தவர்கள் போக மாட்டார்கள். வருவார்களா மாட்டார்களா? கேட்டருகே வந்து நின்று முகங்களைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாரும் பூசை முடிந்த முகத்தோடு இருந்தார்கள். பாய்க்குப் போன் போட்டார். பாய் ராயப்பேட்டையில் ஒரு நிக்காஹுக்காக மஸ்ஜிதுக்குள் இருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் நான் அவரிடமிருந்து இரண்டடி தள்ளி நின்று என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். முழங்கால் வலி என்று அவர் பூசைக்கு வரவில்லை.

"என்னங்க, தோசைக்கல்லை அடுப்புலேர்ந்து இறக்குங்க. மாவை ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. நான் வந்து புடவை மாத்திக்கிட்டு உங்களையும் ஆஸ்வினையும் கூட்டிக்கிட்டுப் போறேன். ஆமா, பவுல்சாமி வீடுதான். பிரியாணியாம்."

எனக்கு வகுப்பறைக் குரல், டீச்சர் என்று அதை வைத்தே கண்டுபிடித்தாராம். தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, "குக்கரை வைக்காதே" என்றாள். இன்னொருத்தி, "இட்லி ஊத்திட்டியா? இல்லியே? அப்ப ஊத்தாதே" என்றாள். ஜைதூன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் பொய் சொல்லலாம், அடுப்பை அணைக்கச் சொன்னவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். அதுவும் கோயிலுக்கு வந்தவர்கள் மட்டுமல்ல, வராதவர்களும் வருகிறார்கள். ஒரு போனுக்கு மூன்று தட்டு.

மாஸ்டரை அழைத்தார்.

"கலீம் பாய், அந்த ரெண்டு மூட்டையையும் பிரிச்சு ஊறப் போடுங்க. கறியில்லாம குஸ்கா போட்டுடலாம்."

"இன்னா ஆபா சொல்றே? அது நாளைக்கு ஆர்டருக்கு."

"தெரியும்."

"பாயைக் கேட்டியா?"

"மஸ்ஜித்ல கீறாரு. போன எடுக்கல."

"அப்போ வெளிய வரட்டும், கேட்டுட்டுப் போடலாம். அரை மணி நேரத்துல இன்னா ஆயிடப் போவுது?"

"அரை மணி கழிச்சு ஊறப் போட்டா கடைசிப் பந்திக்கு வேகாது."

"யாரு சொல்லிப் போட்டேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

கோயிலுக்குள்ளே போட்டோ எடுக்கிறவன் யாரையோ சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கழுத்துக்குப் பின்னால் காற்று பட்டது, கை எதுவும் இல்லை.

"நான் சொல்றேன். ஜைதூன் சொல்லிச்சுன்னு சொல்லு. போடு."

திரும்பி வந்தபோது இரண்டு மூட்டை அரிசியும் தண்ணீருக்குள் இருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு அவரே கையை விட்டார்.

ஏழரைக்கு ஹாலை எட்டிப் பார்த்தார். பாதி நாற்காலி காலி. மேடையில் கேக் வெட்டப்போகிறார்கள், கீழே ஆளில்லை. மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார். ஜைதூன் அந்த ஹாலின் சீரியல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து எரிவதைப் பார்த்துக்கொண்டே, பத்தொன்பது வருஷ வேலை போனால் எந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகலாம் என்று யோசித்தாராம். மயிலாப்பூரில் ஒரு வீடு, மாடியில் செம்பருத்தி இருக்கும் என்றுகூட நினைத்தாராம். பயத்திலும் இந்த மனுஷிக்குப் பூ தெரிகிறது.

"இன்னா ஆபா, தேக்சால கொட்டட்டுமா வாணாவா? இன்னும் கொட்டல. சொல்லு" என்றார் மாஸ்டர்.

ஒரு அரிசியை எடுத்து நகத்தில் கிள்ளிப் பார்த்தார். சரியாக ஊறியிருந்தது.

"கொட்டுங்க."

நாங்கள் எங்கே போயிருந்தோம்? வீட்டுக்கு. அழையாத கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டாமல் போக முடியுமா? வழியில் கடையை நிறுத்தி மொய்க் கவர் வாங்க வேண்டாமா? எட்டு மணிக்கு வந்தோம் பாருங்கள், மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும் ஆட்டோவுமாக, தெருவே அடைத்துவிட்டது. நானூறு பேருக்குச் சொன்ன இடத்தில் எழுநூறு பேர். இரண்டாவது பந்தியில் நான், என் வீட்டுக்காரர் ஆஸ்டின், பையன் ஆஸ்வின் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மூன்று தட்டு. எனக்கு நான்கு துண்டு கறி விழுந்தது. அதற்குப் பிறகு மாஸ்டர், இருக்கிற பிரியாணியில் குஸ்காவைக் கலந்து, வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு துண்டாவது போகும்படி பார்த்துப் பார்த்துப் பரிமாறச் சொன்னார் என்று இப்போதுதான் தெரியும்.

ஒன்பது மணிக்குப் பாய் வந்து இறங்கினார். நேராகத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"மூட்டை எங்க?"

ஓரத்தில் கிடந்த காலிச் சாக்குகளைப் பாய் பார்த்துவிட்டார்.

"யாரு சொல்லிப் போட்டது?"

மாஸ்டர் அடுப்பைப் பார்த்தார். ஜைதூன் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் பாய்."

"நீயா? உன்னை யாரு..."

அப்போது ஹாலின் பின்கதவு வழியாக ஒரு குரல் கேட்டது. கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. வீட்டு ஆட்கள் மட்டும். பவுல்சாமிக்குப் பக்கத்தில் ஃப்ளோரன்ஸ். அந்தத் தட்டில் கறி இல்லை, வெறும் குஸ்காவும் கொஞ்சம் தயிர் வெங்காயமும்தான். எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டிருந்தார். கையைப் பாதி தூக்கிக்கொண்டு, கேட்கலாமா கூடாதா என்கிற குரலில் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமாம்மா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. ஃபாதர் அப்படிச் சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. நமக்கெங்க மிஞ்சப்போகுதுன்னுதான் உக்காந்தேன்."

பாய் திரும்பித் தேக்சாவுக்குள் பார்த்தார். அடியில் இருந்தது. அவரே கரண்டியை விட்டு ஒரு பேசின் நிறைய அள்ளினார். பேசினை ஜைதூன் கையில் கொடுத்தார். "போய்ப் போடு" என்றார்.

ஜைதூன் போட்டார். இரண்டு கரண்டி, மூன்று கரண்டி. நான்காவது கரண்டிக்கு ஃப்ளோரன்ஸ் "போதும், போதும்மா" என்று சிரித்து, தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டார்.

இதோடு ஜைதூன் கதையை நிறுத்திவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "அதை விடுங்க, பாய் கடைசியில என்னதான் சொன்னாரு? வேலை இருக்கா இல்லையா?" என்று அதட்டினேன். ஆறிப்போன டீயில் ஏடு படிந்திருந்தது. அவர் எதிர்வீட்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாயா? பின்னாலேயே வந்து நின்னாரு டீச்சர். நாளைக்கு எத்தினி பேருக்கு ஊறப் போடலாம் ஆபான்னு கேட்டாரு. எனக்கு எங்க காதுல வுழுந்துச்சு, அப்பால மாஸ்டர் சொல்லித்தான் தெரியும். அந்தம்மா தட்டை மூடிக்கினு இருந்த கையையே பார்த்துக்கினு நின்னேன்."